பல்லில் கடித்த ஈயம்

என் உயிர்த் தம்பி குகனுக்கு,

நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பக்கத்து வளவில் இருந்தவனுக்கு என்ன கடிதம்? வேலிக்கு மேலால் ஒரு சத்தம் போட்டால் "என்னக்கா" என்று ஈரக் கையோடு வந்து நிற்பாய். இப்போது எவ்வளவு சத்தம் போட்டாலும் வரமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போக உனக்கே விளங்கும்.

முதலில் நல்ல செய்தி. உன் ஆண்டுத் திவசம் குறையில்லாமல் முடிந்தது. உனக்குப் பிடித்த றால் பொரியலைப் படையலில் வைக்க முடியாது என்று ஐயர் சொல்லிவிட்டார். படையல் எடுத்த பிறகு பின்வளவில் ஒரு இலையில் தனியாக வைத்தேன். காகம் வந்தது. நீ என்றே நினைத்துக்கொண்டேன். பிள்ளையார் மன்னிப்பார்.

பவிக்கு முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டன. கண்ணும் நாடியும் அப்படியே நீ. பிடிவாதமும் நீதான். தாய் குவைத்தில், தகப்பன் நீயும் போய்விட்டாய். அவளுக்கு மாமி நான்தான் எல்லாம்.

கெட்ட செய்தியை எங்கே இருந்து தொடங்குவது?

வயிற்றில் இருந்துதான் தொடங்க வேண்டும். போன மாரிக்குப் பிறகு பவி அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஓமம் அவித்துக் கொடுத்தேன். பூச்சிக் குளிசை கொடுத்தேன். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நேற்றுச் சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு இன்றைக்கு அவளிடம் இல்லை. டீச்சர் கூப்பிட்டு, "முன்னம் கெட்டிக்காரப் பிள்ளை, இப்ப சன்னலப் பாத்துக்கொண்டே இருக்கிறா" என்றார். தகப்பனை நினைத்து ஏங்குகிறாள் என்று நான் நினைத்தேன். களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். பிறகு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டொக்டர் சின்ன வயது. பவியின் பல் முரசைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டது நான் ஒருநாளும் கேட்டிராத கேள்வி.

"வீட்டில ஆராவது பற்றரி உடைக்கிறதா? ஈயம் உருக்கிறதா?"

"பிள்ளைட அப்பா உருக்கிறவர். வலைக்குக் குண்டு வாக்க. ஆனா அவர் மோசம் போயிட்டார்."

"எப்ப?"

சொன்னேன். அவர் யோசித்தார். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தபோது அதில் ஈயம் இருந்தது. இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. "அப்பா போய் இவ்வளவு நாள் எண்டா இப்ப குறைஞ்சிருக்க வேணும். இன்னும் எங்கயோ இருந்து உள்ளுக்குப் போகுது அம்மா. அதைக் கண்டுபிடியுங்க" என்றார்.

தம்பி, உனக்கு நினைவிருக்கும். பின்வளவு முடிந்து ஆறு தொடங்குகிற இடத்தில், கண்ணா மரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்து அடுப்பு. பழைய வாகனப் பற்றரியைக் கத்தியால் பிளந்து, உள்ளே இருக்கிற தட்டுகளைத் தாச்சியில் போட்டு உருக்குவாய். வெள்ளி மாதிரி மின்னும். மண் அச்சில் வார்த்துக் குண்டாக்குவாய். பவி குந்தியிருந்து பார்ப்பாள். நானும்தான் பார்த்தேன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. குருக்கள்மடத்தில் வலை வைத்திருக்கிற எந்த வீட்டில்தான் அந்த அடுப்பு இல்லை? வீச்சு வலை விரிந்து தாழ விளிம்பில் பாரம் வேண்டும். பாரத்துக்கு ஈயம் வேண்டும். நஞ்சு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அந்த அடுப்படி மண்ணை அள்ளிச் சாக்கில் கட்டி மூலையில் வைத்து மேலே தகரம் போட்டேன். வீட்டைத் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். பவியின் உடுப்பு, தலையணை, பாய் எல்லாம் தோய்த்தேன். பழைய தாச்சியைக்கூடத் தள்ளிவைத்தேன். நான் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிறவள் என்று நீ பகிடி பண்ணுவாயே. வந்த அரிசி எங்கே, போன தேங்காய் எங்கே என்று. அந்தப் புத்தியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். வரவு எந்த வழி என்று பிடிபடவில்லை.

அந்த நாட்களில்தான் ஆற்றில் ஒரு தோணி வந்து நம் கரையில் ஒதுங்கியது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள். நீளக் குழாயை இறக்கிச் சேறு எடுத்தார்கள், போத்தலில் தண்ணீர் எடுத்தார்கள். கை கழுவ நம் கிணற்றுக்கு வந்த பிள்ளையின் பெயர் சுதர்சினி. ஒரு புனலில் வெள்ளைக் கடுதாசி வைத்து ஆற்றுத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். கீழே பளிங்கு மாதிரித் தண்ணீர். கடுதாசியில் மண்ணிறமாக ஒரு பூச்சு.

"என்ன புள்ள பாக்கிறயள்?"

"தண்ணியில என்ன உலோகம் இருக்கு எண்டு பாக்கிறம் அன்ரி."

"அப்ப அந்தத் தண்ணிதானே வேணும்?"

"ரெண்டும் வேணும். ஆனா ஈயம் மாதிரிச் சாமான் கனக்க இந்தக் கடுதாசியிலதான் கிடக்கும்."

ஈயம் என்ற சொல்லைக் கேட்டபிறகு நான் அவளைப் போகவிடவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அவளை இருத்திவைத்துக் கேட்டேன். கனகாலமாக மனதில் கிடந்த ஒரு கேள்வியும் எனக்கு இருந்தது. ஆறு எந்தக் காலத்திலிருந்தோ மண்ணையும் இரும்பையும் ஈயத்தையும் அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டுகிறது. உப்பையும் அப்படித்தான் கொண்டுபோனது. உப்பு சேர்ந்து கடல் கரிக்கிறது. மற்றவை ஏன் சேரவில்லை? வரவு இருக்கிறது, இருப்பில் காணோம். அப்படியென்றால் செலவு எங்கே?

"அன்ரி கணக்குப் படிச்சதா?" என்று சிரித்தாள்.

"எட்டாம் வகுப்பு. மிச்சம் அடுப்படியில படிச்சது. நீ சொல்லு."

அவள் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி உனக்குச் சொல்கிறேன். கடல் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லையாம். கண்ணுக்குத் தெரியாத தூசி அதில் நிறைய மிதக்கிறதாம். களிமண் துகள், துருத்தூள், செத்த பாசி, பூச்சியை விடச் சின்ன உயிர்களின் கழிவு. தண்ணீரில் கரைந்துபோன ஈயம் போகிற வழியில் இந்தத் தூசியில் ஒட்டிக்கொள்ளும். உப்பு அப்படி ஒட்டாது, அதனால் அது தங்கிவிட்டது. ஒட்டின தூசி மற்றத் தூசியோடு சேர்ந்து கட்டிபடும். சின்ன உயிர்கள் அதைத் தின்று உருண்டையாகக் கழிக்கும். பாரம் கூடக் கூடக் கீழே இறங்கும். இறங்குகிற வழியில் கொஞ்சம் கழன்றுபோகும், இன்னொரு தூசி அதைப் பிடிக்கும். பிடித்து, விட்டு, திரும்பப் பிடித்து, கடைசியில் அடிச் சேற்றில் போய்ப் படுக்கும். கடல் தன்னைக் கழுவுகிற விதம் அதுதானாம்.

"ஆழ்கடலுக்குள்ள பனி பெய்யிற மாதிரி விழும் அன்ரி."

நான் பனியை எங்கே கண்டேன்? எனக்குத் தெரிந்தது திருநீறு. இரவு பகல் ஓயாமல், ஆரும் காணாமல், கடல் முழுக்கத் திருநீறு சொரிந்துகொண்டே இருக்கிறது என்று நினைத்தேன். மேல் சிலிர்த்தது. இறைவன் எவ்வளவு பெரிய கடலுக்கு எவ்வளவு சின்னத் தூசியைக் காவலுக்கு வைத்திருக்கிறான்!

"எங்கட ஆத்திலயும் அப்படியா புள்ள?"

"இங்க இன்னும் கெதியா நடக்கும். முகத்துவாரத்து மண்ண வெட்டி ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கயிக்க, பால் திரையிற மாதிரி உள்ள தூசி எல்லாம் திரைஞ்சு கட்டியாகும். கரையிலயே படிஞ்சிரும்."

"படிஞ்சா?"

"சேத்தில இருக்கும்."

"சேத்திலதானே நண்டு இருக்கு, றால் இருக்கு."

அவள் குழாயில் எடுத்த சேற்றைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நம் கரைச் சேற்றில் ஈயம் கூடுதலாகத்தான் இருக்கும் என்று தான் நினைப்பதாகச் சொன்னாள். அப்படியென்றால் அள்ளி வெளியே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "கிளறினா திரும்பக் கிளம்பும் அன்ரி. புதுசாப் போடாம, பழசச் சும்மா விடுறதுதான் நல்லம்."

சும்மா விடுவது. எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கித் துடைத்து வாழ்ந்த எனக்கு அதை விடக் கடினமான வேலை எது?

அவள் போன பிறகு ஒரு எண்ணம் மட்டும் போகவில்லை. ஈயம் தண்ணீரில் அலைவதில்லை, எதையோ பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அப்படியென்றால் இந்த வீட்டில் எது பிடித்துக்கொண்டிருக்கிறது? எது அதைப் பவியின் வாய்வரை கொண்டுவருகிறது?

பின்னேரம் விளக்கு வைத்துத் தேவாரம் பாடினேன். பவி பக்கத்தில் கைகூப்பி இருந்தாள். வாய் அசையவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் பாடுவதில்லை. நான் கூச்சம் என்று விட்டிருந்தேன்.

"வாயத் துறந்து பாடு புள்ள."

தலையை ஆட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது.

"வாய்க்குள்ள என்ன?"

மூக்கால் ஒரு சத்தம். கன்னத்தைப் பிடித்து அழுத்தினேன். என் உள்ளங்கையில் விழுந்தது உன் வலையின் ஈயக்குண்டு. எச்சிலில் பளபளத்தது. பிள்ளைப் பல்லின் தடம் சுற்றிவர இருந்தது.

"எங்கால எடுத்தாய்?"

"அப்பாட வலையில. கொட்டிலுக்க தொங்குதே."

"இத ஏன்கா வாயில வச்சாய்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"அப்பா கடிக்கிறவர்தானே மாமி."

கடிக்கிறவன்தான். வலை வீசுகிற எல்லோரும் கடிக்கிறவர்கள்தான். ஒரு கையில் கயிறு, தோளில் வலையின் பாதி, மற்றக் கையில் மீதி, விளிம்பில் ஒரு குண்டு பல்லில். திரும்பி வீசும்போது பல் விடும், வலை வட்டமாக விரியும். அப்படி நீ வீசுவதைக் கரையில் இருந்து அவள் பார்த்திருக்கிறாள். நீ வாய் கொப்பளித்ததை யார் கண்டது? உனக்கும் வயிற்றுக்குத்து இருந்ததே, தம்பி. இஞ்சி இடித்துத் தந்தேனே. கொஞ்சத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாயே. அதுவும் இதுதானா? யாரிடம் போய்க் கேட்பேன்? மின்னல் ஒரே அடியில் கொண்டுபோன உடம்பில் ஈயத்தைத் தேடினவர் யார்?

குண்டைத் திரும்பத் தரச்சொல்லி அவள் அழுதாள். நஞ்சு என்று சொன்னேன். "அப்பாட சாமான் நஞ்சில்ல" என்று கத்தினாள். அவள் அழ அழ நான் பிடித்த கையை விடவில்லை. உன்னைப் பறிகொடுத்த பிள்ளையிடம் இருந்து உன்னையே இன்னொரு தரம் பறித்தேன். சரிதான் செய்தேன். சரி என்று தெரிந்தும் ஏன் தம்பி இப்படி எரிகிறது?

டொக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வழி கிடைத்துவிட்டது என்று அவருக்குச் சந்தோசம். "இனி இரத்தத்தில குறையும்" என்றார். மருந்து கேட்டேன். ஈயத்தைப் பிடித்து வெளியே கொண்டுவருகிற மருந்து இருக்கிறதாம், ஆனால் பவியின் அளவுக்கு அதைக் கொடுப்பதில்லையாம், நன்மையை விடத் தீமை கூடிவிடுமாம். பால், கீரை, இரும்புச்சத்து, நேரத்துக்குச் சாப்பாடு. அவ்வளவுதான்.

"எலும்புக்குள்ள போனது, டொக்டர்?"

"அது மெல்லத்தான் வரும். வருசக்கணக்கா இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத் திரும்ப இரத்தத்துக்கு விடும்."

"படிப்பு?"

"பாப்பம் அம்மா."

சேறு. பிள்ளையின் எலும்புதான் அவளுடைய சேறு. அதுவும் பிடிக்கும், விடும். கடலுக்கு இறக்கிவைக்க அடி இருக்கிறது. அடி இல்லாத இந்தச் சின்ன உடம்பு எங்கே இறக்கிவைக்கும்? ஆற்றுக்கும் அதே பதில், பிள்ளைக்கும் அதே பதில். புதிதாகப் போடாதே, பழையதைச் சும்மா விடு. நான் கீரை ஆய்கிறேன். பால் காய்ச்சுகிறேன். வாய்ப்பாட்டைத் திரும்பவும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆறேழு நாற்பத்திரண்டு சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை.

குவைத்தில் இருக்கிற மச்சாளுக்குக் கனநாள் மறைத்தேன். போன வெள்ளிக்கிழமை போனில் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"புள்ளைக்கு என்னகா, இப்படிக் காய்ஞ்சு போனாள்?"

சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ அவளை வேலைக்குக் கூப்பிடுவது கேட்டது.

"நான் வரட்டாகா?"

வந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "வாகா, வந்து மடியில வச்சிரு" என்றேன். விடுமுறை கிடைக்குமோ தெரியாது.

உன் கூட்டாளி சீவரத்தினத்திடமும் போனேன். துறையில் நாலுபேரோடு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஈயத்தை வாயில் கடிக்காதீர்கள், பிள்ளைகள் இருக்கிற வளவில் உருக்காதீர்கள் என்றேன்.

"அப்ப வாழைப்பழத்தக் கட்டி வீசச் சொல்றயாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கட அப்பன், அவர்ர அப்பன் எல்லாம் கடிச்ச ஆக்கள்தானேக்கா. என்ன, செத்தா போயிட்டாங்க?"

"செத்துத்தானேடா போனாங்க" என்றேன்.

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்ய? பிறகு சீவரத்தினம் மட்டும் தலையைக் குனிந்து, "பல்லு இல்லாட்டி மூணாவது கைக்கு எங்கக்கா போற?" என்று மெதுவாகக் கேட்டான். ஒரு துணிக்கீலத்தைச் சுற்றிக் கடி என்றேன், வாயைக் கொப்பளி என்றேன். ஓம் என்றான். செய்வானோ தெரியாது. அதனால்தான் இதை ஊர் படிக்க எழுதுகிறேன்.

இனி அந்த வலை. குண்டுகள் எல்லாவற்றையும் அறுத்தெடுத்தேன். எடுத்த பிறகுதான் கை நின்றது. எங்கே போடுவது? ஆற்றில் போட்டால் சேற்றுக்கு. குப்பையில் போட்டால் யாரோ உருக்குவான். புதைத்தால் கிணற்றுக்கு. விற்றால் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு. இவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு கைப்பிடி ஈயத்துக்கு இடமில்லை. கடைசியில் மூடி இறுகின கண்ணாடிப் போத்தல் ஒன்றில் போட்டு அடைத்து, சாமிப் படத்தட்டுக்கு மேலே, பவிக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். பல் தடம் பட்ட குண்டு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஓரத்தில் கிடக்கிறது. விளக்கு வைக்கும்போது பவி அதை அண்ணாந்து பார்க்கிறாள். கேட்பதில்லை. பார்க்கிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ஊரில் புதைப்பதுதான் வழக்கம். உனக்கு வெட்டின குழி மாரித் தண்ணீரில் நிறைந்துவிட்டது, இறைக்க இறைக்க ஊறியது. அதனால்தான் மழை விட்ட நேரம் பார்த்து எரித்தோம், சாம்பலைக் கடலில் கரைத்தோம். அப்போது உன்னைத் தண்ணீருக்குள் விட்டேனே என்று ஆறவில்லை. இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். நீயும் தூசிதானே? மற்றத் தூசியோடு சேர்ந்து கட்டிபட்டு, அந்தத் திருநீறு மழையோடு இறங்கிப் போயிருப்பாய். போகிற வழியில் நீ உருக்கி விட்ட ஈயத்தில் கொஞ்சமாவது உன்னில் ஒட்டினதா? பிடித்துக்கொண்டு போனாயா? சொல்ல மாட்டாய். இருந்தாலும் கேட்கிறேன்.

போன ஆடி அமாவாசைக்குப் பவியைக் கடலுக்குக் கூட்டிப்போனேன். தகப்பன் இல்லாத பிள்ளை, உன்னை நினைத்து முழுக வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டு முழுகு என்றேன். உதட்டை இறுக்கிக்கொண்டு முழுகினாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து நான் அழுதேன். அவள் வாயில் அப்போதே நீ தந்த பாரம் இருந்திருக்கிறது.

தம்பி, அவள் எலும்பில் இருப்பதை எடுக்க என்னால் முடியாது. ஆற்றுச் சேற்றில் இருப்பதையும் முடியாது. சீவரத்தினத்தின் பல்லில் இருப்பதைக்கூட முடியவில்லை. என் கையில் இருப்பது அந்தப் போத்தல் மட்டும்தான். என் உயிர் உள்ளவரை அதை ஆற்றிலும் விடேன், கடலிலும் விடேன், உருக்கவும் விடேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இன்னொன்றும். வருகிற ஆடி அமாவாசைக்கு அதே கடலுக்குப் பவியோடு வருவேன். இடுப்பளவு தண்ணீரில் அவளை நிறுத்தி, முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். அதில் ஒன்றும் இராது, நாக்கும் புதுப் பல்லும் தவிர. அந்த வெறும் வாயால் "அப்பா" என்று கூப்பிடுவாள். கேட்டுக்கொள்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
இப்போது உன் பிள்ளையைத் தூக்குகிற,
அக்கா